ரிப்போர்ட்ல ஓ, ஆனா ஓ ரத்தம் சேரல: பாம்பே குரூப்பைப் புரிய வச்ச வினிஃபிரெட் வாட்கின்ஸ்

"பாம்பே பிளட் குரூப் அவசரமா தேவை, தெரிஞ்சவங்க ஷேர் பண்ணுங்க"ன்னு மெசேஜ் வர்றப்பல்லாம் கீழ வர்ற கேள்விங்க கிட்டத்தட்ட ஒண்ணு தான். பாம்பேல இருந்து ரத்தம் கொண்டு வரணுமா? ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் சேரும்னு ஸ்கூல்ல படிச்சோமே, அதை ஏத்தினா என்ன? இத்தனை வருஷமா ஐடி கார்டுல ஓ பாசிட்டிவ்னு போட்டுகிட்டு திரிஞ்சவருக்கு ஆபரேஷன் அன்னைக்கு மட்டும் எப்படி குரூப் மாறும்?

மூணுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு. சிவப்பணு மேல ஒட்டியிருக்கற ஒரு சர்க்கரைல. அந்த சர்க்கரையைத் தேடியே அம்பது வருஷத்துக்கு மேல ஓட்டினவங்க லண்டன்ல இருந்த வினிஃபிரெட் வாட்கின்ஸ் (1924-2003). இவங்க பேர் நம்ம பக்கம் யாருக்கும் தெரியாது, ஆனா இன்னைக்கு பிளட் பேங்க்ல பாம்பே குரூப்பைப் பத்தி விளக்கிச் சொல்றாங்கன்னா அந்த விளக்கத்துல பாதிக்கு மேல இவங்க வேலை தான்.

முதல்ல டைல்ல என்ன நடக்குதுன்னு பாப்போம்

வெள்ளை டைல்ல மூணு இடத்துல உங்க ரத்தத்தை ஒவ்வொரு சொட்டு வைப்பாங்க. முதல் சொட்டுல நீலக் கலர் மருந்து, அது ஆன்டி-ஏ. ரெண்டாவதுல மஞ்சள் கலர், அது ஆன்டி-பி. மூணாவதுல கலர் இல்லாத ஆன்டி-டி, இது பாசிட்டிவா நெகட்டிவான்னு சொல்ற ஆர்ஹெச்சுக்கு. குச்சியால கலக்கி டைலை லேசா ஆட்டுவாங்க. பால் திரியற மாதிரி ரத்தம் திரிதிரியா கட்டிச்சுன்னா அந்தப் பொருள் உங்க செல் மேல இருக்குன்னு அர்த்தம், கட்டாம அப்படியே ஓடிச்சுன்னா இல்லைன்னு அர்த்தம்.

இதுல ரெண்டு வார்த்தை மட்டும் தெரிஞ்சா போதும்.

1. ஆன்டிஜென்: சிவப்பணு மேல இருக்கற அடையாளப் பொருள். ஏ, பி ரெண்டும் ஆன்டிஜென்.
2. ஆன்டிபாடி: ரத்தத்தோட தண்ணிப் பகுதியான பிளாஸ்மால சுத்திகிட்டிருக்கற புரதம். தன் உடம்புல இல்லாத ஆன்டிஜென் உள்ள வந்தா அதைப் புடிச்சுக்கும்.

ஏ, பி, ஓன்னு ரத்தம் பிரியுதுன்னு 1901ல வியன்னாவுல கண்டுபிடிச்சவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர், 1930ல இதுக்குத் தான் நோபல் வாங்கினார் (ஏபி குரூப் அடுத்த வருஷம் அவர் கூட இருந்தவங்க கண்டுபிடிச்சது). உங்ககிட்ட எந்த ஆன்டிஜென் இல்லையோ அதுக்கு எதிரான ஆன்டிபாடி உங்க பிளாஸ்மால இருக்கும்ங்கறது தான் அவர் பார்த்த கணக்கு. ஏ ஆளுகிட்ட ஆன்டி-பி இருக்கும், ஓ ஆளுகிட்ட ரெண்டுமே இருக்கும்.

இங்க ஒரு விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போயிடறோம். டைல்ல ஏ கட்டல, பி கட்டல, அதனால ஓன்னு எழுதறோம். அதாவது ஓங்கறது ஒரு பொருளைக் கண்ணால பார்த்து வச்ச பேர் இல்ல, ரெண்டு பொருள் இல்லைன்னு பார்த்துட்டு மிச்சத்துக்கு வச்ச பேர். அந்த மிச்சத்துல வேற யாராவது ஒளிஞ்சிருந்தா இந்த டைலுக்குத் தெரியாது. பாம்பே குரூப் ஒளிஞ்சிருந்தது அங்க தான்.

1952, பாம்பே

டாக்டர் ஒய். எம். பெண்டேவும் அவர் கூட இருந்த தேஷ்பாண்டே, பாட்டியாவும் பாம்பேல மூணு பேரோட ரத்தத்தைப் பார்த்துக் குழம்பிப் போனாங்க. செல்லை டெஸ்ட் பண்ணா ஏ இல்ல, பி இல்ல, அப்ப ஓ. ஆனா அவங்க சீரத்தை (ரத்தம் உறைஞ்சப்புறம் மேல நிக்கற தெளிஞ்ச தண்ணி, ஆன்டிபாடி இதுல தான் இருக்கும்) எடுத்து ஓ குரூப் செல்லு கூட கலந்தா அதுவும் கட்டுது, ஏ கூடவும் கட்டுது, பி கூடவும் கட்டுது. ஓ ரத்தம் எல்லாருக்கும் சேரும்ங்கற விதியே இந்த மூணு பேர்கிட்ட உடைஞ்சு போச்சு.

சாம்பிளை லண்டனுக்கு அனுப்பினாங்க. அங்க லிஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ராபர்ட் ரேஸ், ரூத் சாங்கர்னு ரத்த குரூப்ல கை தேர்ந்தவங்க ரெண்டு பேர் இருந்தாங்க, அதே இன்ஸ்டிடியூட்ல ரத்த குரூப்போட கெமிஸ்ட்ரியைப் பாக்கற வால்டர் மார்கனும் அவர்கிட்ட வேலை பார்த்த வாட்கின்ஸும் இருந்தாங்க. லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல அந்த வருஷமே வந்த கட்டுரைல ஏழு பேர் பேர் இருக்கும், மூணு பாம்பே, நாலு லண்டன். ஏழாவது பேர் வாட்கின்ஸ். அப்ப அவங்களுக்கு 27 வயசு.

ஊர் பேர் ஒட்டிகிட்டது இதனால தான். மத்தபடி பாம்பேல இருக்கறவங்களுக்கு மட்டும் வர்ற ரத்தம்னு ஒண்ணும் கிடையாது, தமிழ்நாட்டுலயும் இருக்காங்க, இலங்கைலயும் இருக்காங்க. இந்தியாவுல சுமாரா 10,000 பேருக்கு ஒருத்தர்னு சொல்லுவாங்க, ஐரோப்பால பத்து லட்சத்துக்கு ஒருத்தர்ங்கற அளவுக்கு அபூர்வம்.

வாட்கின்ஸ் கையில எடுத்த கேள்வி

1942ல யுத்தம் நடந்துகிட்டிருந்தப்ப, ஸ்கூல் முடிச்ச கையோட 18 வயசுல மார்கன்கிட்ட உதவியாளரா சேர்ந்தாங்க. வேலை பார்த்துகிட்டே படிச்சு டிகிரி வாங்கி அப்புறம் பிஎச்டியும் முடிச்சாங்க. காலேஜ் முடிச்சுட்டு லேபுக்குள்ள வந்தவங்க இல்ல, லேபுக்குள்ள இருந்துகிட்டே காலேஜ் முடிச்சவங்க. இதை ஏன் சொல்றேன்னா இவங்க பண்ண சோதனைங்க எல்லாமே கை வேலை தெரிஞ்சவங்க யோசிக்கற மாதிரியே இருக்கும், பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், டெஸ்ட் டியூபும் பொறுமையும் போதும்.

அவங்க முன்னாடி இருந்த கேள்வி ரொம்ப எளிமையானது. 'ஏ' குரூப், 'ஏ' குரூப்னு சொல்றோமே, அந்த 'ஏ' கெமிஸ்ட்ரில என்ன பொருள்?

சிவப்பணுல இருந்து அந்தப் பொருளைப் பிரிச்செடுக்கறது அப்ப பெரிய பாடு, ஒரு செல் மேல இருக்கறது அவ்வளவு கொஞ்சம், அதுவும் செல்லோட தோல்ல பதிஞ்சு கிடக்கும். ஆனா இதே பொருள் நிறைய பேருக்கு எச்சில்லயும் கரைஞ்சு வரும், சில வகை சினைப்பை நீர்க்கட்டிலயும் இருக்கும். ஆபரேஷன்ல எடுத்த ஒரே கட்டில லிட்டர் கணக்குல திரவம் இருக்கும், ஆஸ்பத்திரில தூக்கிப் போடற பொருள் அது. மார்கன் லேப் அதைத் தான் வாங்கி வச்சு வேலை செஞ்சுது. பிரிச்சுப் பார்த்தா நடுவுல புரதம், அதுல இருந்து கிளை கிளையா சர்க்கரைச் சங்கிலி.

எந்தச் சர்க்கரைன்னு கண்டுபிடிச்ச விதம் தான் எனக்கு இந்தக் கதையிலயே ரொம்ப புடிச்ச இடம். படிப்படியா சொல்றேன்.

1. விலாங்கு மீனோட சீரத்துல ஓ குரூப் செல்லைக் கட்ட வைக்கற ஒரு பொருள் இருக்கு. ஓ செல் மேலயும் ஏதோ ஒரு ஆன்டிஜென் இருக்குன்னு இதுலயே தெரியுது, அதுக்கு ஹெச்னு பேர் வச்சிருந்தாங்க.
2. அந்தப் பொருள் செல் மேல எதைப் புடிச்சு கட்டுதோ, அதையே தனியா கரைச்சு முன்னாடியே ஊத்திட்டா என்ன ஆகும்? புடிக்கற கை நிறைஞ்சு போயிடும். அப்புறம் செல்லைப் போட்டாலும் புடிக்க கை இருக்காது, ரத்தம் கட்டாது.
3. அப்ப ஒவ்வொரு சர்க்கரையா கரைச்சு ஊத்திப் பாக்கணும். ஒரு டியூப்ல குளுக்கோஸ், ஒண்ணுல காலக்டோஸ், ஒண்ணுல ஃபியூகோஸ்னு. எந்த டியூப்ல மட்டும் ரத்தம் கட்டாம நிக்குதோ அந்தச் சர்க்கரை தான் ஆள்.

1952ல வந்த பதில், ஃபியூகோஸ். ஹெச்சோட அடையாளம் ஃபியூகோஸ். இதே வழிலயும் இதைச் சேர்ந்த வேற சோதனைலயும் அடுத்த சில வருஷத்துல ஏவோட அடையாளம் என்-அசிட்டைல் காலக்டோசமைன், பியோட அடையாளம் காலக்டோஸ்னு தெளிவாச்சு. நியூயார்க்ல எல்வின் கேபாட்டும் அதே சமயத்துல இதே பாதைல போய்கிட்டிருந்தார், அவர் பங்கும் இதுல பெருசு.

காலக்டோஸுக்கும் என்-அசிட்டைல் காலக்டோசமைனுக்கும் வித்தியாசம் என்னன்னா ஒரே ஒரு இடத்துல தொங்கற ஒரு சின்ன பகுதி தான். மாத்தி ஏத்தினா ஆளையே கொன்னுடற ஏ, பி வித்தியாசம் மொத்தமே அவ்வளவு தான்.

நம்ம வீட்டு கொள்ளும் இங்க வருது. கொள்ளை அரைச்சு எடுக்கற சாறுல ஏ செல்லை மட்டும் கட்ட வைக்கற ஒரு புரதம் இருக்குன்னு 1951ல இந்தியால வேலை பார்த்த ஜி. டபிள்யூ. ஜி. பேர்டுங்கற டாக்டர் எழுதினார். அது புடிக்கறது வாட்கின்ஸ் சொன்ன அதே என்-அசிட்டைல் காலக்டோசமைனை. ஏ குரூப்பை ஏ1, ஏ2ன்னு பிரிச்சுப் பாக்க உலகம் பூரா பிளட் பேங்க்ல இன்னைக்கும் இந்தக் கொள்ளுச் சாறு தான், பாட்டில் மேல அதோட பழைய லத்தீன் பேர் இருக்கறதால கொள்ளுன்னு நமக்குத் தெரியறதில்ல.

ஆணி இருந்தா தான் காலண்டர்

சர்க்கரை எதுன்னு தெரிஞ்சாச்சு, அடுத்து அது எந்த வரிசைல சேருதுங்கறது. இதுக்கு வாட்கின்ஸ் ஒரு ஒட்டுண்ணியைப் புடிச்சாங்க, மாட்டுக்கு வர்ற டிரைக்கோமோனாஸ். அதோட என்சைம் (பொருளை வெட்டற, ஒட்டற வேலையைச் செய்யற புரதம்) சங்கிலி நுனில இருக்கற சர்க்கரையை வெட்டிவிடும். பி பொருள்ல இருந்து நுனி காலக்டோஸை வெட்டினா பி குணம் போயிடுது, அதோட நிக்காம அதுக்கு முன்னாடி மங்கலா இருந்த ஹெச் குணம் பளிச்சுன்னு வருது. அதாவது பிக்கு அடியில ஹெச் இருக்கு, பி அதுக்கு மேல உக்காந்திருக்கு.

மார்கனும் வாட்கின்ஸும் 1955லயும் 1959லயும் எழுதின கட்டுரைங்கள்ல கோத்துச் சொன்ன வரிசை இது தான்.

1. முதல்ல ஒரு அடிச்சங்கிலி. இது எல்லார்கிட்டயும் இருக்கு.
2. அதுல ஃபியூகோஸ் ஒட்டினா ஹெச்.
3. ஹெச் மேல என்-அசிட்டைல் காலக்டோசமைன் ஒட்டினா ஏ, காலக்டோஸ் ஒட்டினா பி, ரெண்டு வேலையும் நடந்தா ஏபி.
4. ஹெச் மேல எதுவும் ஒட்டலைன்னா ஓ. அதனால ஓ செல் வெறும் செல் இல்ல, ஹெச் அதிகமா இருக்கறதே அதுல தான்.
5. ரெண்டாவது படியே நடக்கலைன்னா? ஃபியூகோஸ் இல்ல, ஹெச் இல்ல. ஏ, பிய ஒட்டற என்சைம் உடம்புல தயாரா இருந்தாலும் ஒட்ட இடம் கிடையாது. அது தான் பாம்பே.

செவுத்துல ஆணி அடிச்சா தான் காலண்டர் மாட்ட முடியும். ஓ வீட்டுல ஆணி இருக்கு, காலண்டர் இல்ல. பாம்பே வீட்டுல ஆணியே இல்ல, காலண்டர் பீரோவுக்குள்ள சுருட்டின மேனிக்கு இருக்கு. டைல் டெஸ்ட் பாக்கறது காலண்டர் தொங்குதா இல்லையான்னு மட்டும், அதனால ரெண்டு வீடும் அதுக்கு ஒண்ணு தான்.

இது வெறும் கற்பனை இல்லைன்னு காட்ட ரெண்டு ஆதாரம். ஒண்ணு, 1955ல அமெரிக்கால ஃபிலிப் லெவின் எழுதின குடும்பம். அம்மா டெஸ்ட்ல ஓ, ஆனா மகளுக்கு பி ஜீன் அம்மா வழியா தான் வந்திருக்கு. அம்மாகிட்ட பி இருந்தது, வெளிய காட்ட வழி தான் இல்ல. ரெண்டாவது வாட்கின்ஸ் லேப்ல 1970கள் தொடக்கத்துல பார்த்தது, பாம்பே ஆட்களோட சீரத்துல ஏவையும் பியையும் ஒட்டற என்சைம் நல்லா வேலை செய்யற நிலைல இருந்துச்சு. பீரோவுக்குள்ள இருந்த காலண்டரை எடுத்து வெளிய வச்சுட்டாங்க.

இதுல ஜெனடிக்ஸுக்கு ஒரு பெரிய பாடம் இருந்துச்சு. ஜீன் புரதத்தைத் தான் செய்யும், ஆனா ரத்த குரூப்போ சர்க்கரை, அப்ப ஏ ஜீன் நேரா ஏவை எப்படி செய்யும்? செய்யாது. ஏ ஜீன் செய்யறது ஒரு என்சைமை, அந்த என்சைம் போய் சர்க்கரையை ஒட்டுது. ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜீன், ஒரு என்சைம். ஜீனைக் கண்ணால பாக்க வழியே இல்லாத காலத்துல, சர்க்கரையையும் குடும்பங்களையும் மட்டும் பார்த்து இதைச் சொன்னாங்க.

1969ல ராயல் சொசைட்டி உறுப்பினர், 1988ல ராயல் மெடல். லிஸ்டர் லேப் மூடினதும் 1976ல லண்டன்லயே நார்த்விக் பார்க் ஆராய்ச்சி மையத்துக்குப் போனாங்க, 1989ல ரிட்டயர் ஆனப்புறமும் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரில லேப் வேலையை விடல. மார்கன் 102 வயசு வரைக்கும் இருந்து 2003 பிப்ரவரில போனார், அதே வருஷம் அக்டோபர்ல வாட்கின்ஸும் போயிட்டாங்க.

ஜீன் கைக்கு வந்தப்ப

1990ல ரெண்டு ஜீனும் கெடைச்சுது. ஏபிஓ ஜீன் ஒன்பதாவது குரோமோசோம்ல. ஏ என்சைமுக்கும் பி என்சைமுக்கும் நாலே நாலு அமினோ அமிலம் தான் வித்தியாசம், பரவலா இருக்கற ஓ ஜீன்ல டிஎன்ஏவோட ஒரு எழுத்து விழுந்து போய் என்சைமே உருவாகல. ஹெச் செய்யற எஃப்யூடி1 ஜீன் பத்தொன்பதாவது குரோமோசோம்ல. ரெண்டும் வேற வேற குரோமோசோம்ல இருக்கறதால ஹெச் கெட்டுப் போனாலும் பி ஜீனுக்கு ஒண்ணும் ஆகாது, அப்படியே பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

இந்தியாவுல டெஸ்ட் பண்ண பாம்பே ஆட்கள் பலபேருக்கு எஃப்யூடி1ல ஒரே எழுத்து மாறியிருந்துச்சு, பக்கத்துல இருக்கற எஃப்யூடி2 ஜீன் மொத்தமா காணாமப் போயிருந்துச்சு. இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரீயூனியன் தீவுல இந்திய வம்சாவளிகிட்டயும் இதே மாற்றம் தான் இருந்துச்சு. கரும்புத் தோட்ட வேலைக்கு அங்க போனவங்கள்ல நிறைய பேர் தமிழ் பேசற ஊர்ல இருந்து போனவங்க, ரத்தத்துல அந்த எழுத்துப் பிழையும் கப்பல் ஏறிப் போயிருக்கு.

இப்ப நடைமுறைல என்ன ஆகுது

1. ஓ நெகட்டிவ் உதவாது. பாம்பே ஆளோட பிளாஸ்மால ஆன்டி-ஏ, ஆன்டி-பி கூட ஆன்டி-ஹெச்சும் இருக்கு, அது உடம்புச் சூட்டுலயே வேலை செஞ்சு செல்லை உடைச்சுடும். ஹெச் அதிகமா இருக்கறது ஓல, அதனால எல்லாருக்கும் சேரற ரத்தம்னு நாம நம்பறது இவங்களுக்குப் படு ஆபத்து. நெகட்டிவ், பாசிட்டிவ்ங்கறது ஆர்ஹெச் கணக்கு, பாம்பேலயும் ரெண்டும் உண்டு.

2. குரூப் மாறல, டெஸ்ட் பாதில நின்னுது. செல்லை மட்டும் பார்த்தா ஓன்னு தான் வரும். சீரத்தை எடுத்து தெரிஞ்ச ஏ, பி, ஓ செல்லு கூட கலந்து பாக்கற ரிவர்ஸ் குரூப்பிங் பண்ணா ஓ செல் கட்டும், அங்கயே மாட்டிக்கும். அப்புறம் ஆன்டி-ஹெச் போட்டுப் பாப்பாங்க, உண்மையான ஓ கட்டும், பாம்பே கட்டாது. இதெல்லாம் விட்டுப்போச்சுன்னாலும் கடைசியா கிராஸ் மேட்ச்ல (ஏத்தப் போற ரத்தத்தை நோயாளியோட சீரத்தோட கலந்து பாக்கற டெஸ்ட்) எந்த ஓ யூனிட்டும் சேராது. கேம்ப்லயும் ஸ்கூல்லயும் டைல்ல பார்த்து எழுதின குரூப்பை வச்சுகிட்டு கிராஸ் மேட்ச் இல்லாம யாருக்கும் ரத்தம் ஏத்தக் கூடாதுன்னு சொல்றது இதனால தான்.

3. ஸ்டாக் வைக்க முடியாது, ஆளைத் தான் வைக்கணும். சிவப்பணுவைச் சாதாரணமா குளிர்ல 35ல இருந்து 42 நாள் தான் வைக்கலாம், உறைய வச்சு வருஷக்கணக்குல வைக்கற வசதி ரொம்ப சில இடத்துல தான் இருக்கு. ஒரு தடவை குடுத்த ஆண் 90 நாள், பெண் 120 நாள் கழிச்சுத் தான் திரும்பக் குடுக்கலாம். அதனால தேவையே முடிஞ்சு போன பழைய மெசேஜை ஃபார்வர்ட் பண்றது விளையாட்டு இல்ல, அதை நம்பி ஒருத்தர் வண்டி ஏறி வந்துடுவார், இல்ல உண்மையான அடுத்த அழைப்பை நம்ப மாட்டார். தேதியும் ஆஸ்பத்திரி நம்பரும் இல்லாத மெசேஜை அனுப்பாதீங்க. மும்பைல இருக்கற தேசிய இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனம் அபூர்வ டோனர் பட்டியல் வச்சிருக்கு, பிளட் பேங்க் மூலமா கேக்கறது தான் வேகமான வழி.

4. ஏ, பியை ஓவா மாத்தற ஆராய்ச்சி இவங்களுக்கு உதவாது. 1982ல நியூயார்க்ல ஜாக் கோல்ட்ஸ்டைன் குழு பச்சைக் காபிக் கொட்டைல இருந்து எடுத்த என்சைமால பி செல்லோட நுனி காலக்டோஸை வெட்டி ஓவா மாத்தி, ஆளுக்கு ஏத்தியும் காட்டினாங்க. வாட்கின்ஸ் சொன்ன வரிசைக்கு அதைவிட நேரடியான சாட்சி வேற வேண்டாம். ஆனா வெட்டினப்புறம் மிஞ்சறது ஹெச். பாம்பே ஆளுக்கு ஆகாததே அது தான்.

5. அப்பா யாருங்கற சந்தேகம். இது தான் எனக்கு ரொம்ப மனசுல நிக்கற பின்விளைவு. அப்பா ஓ, அம்மா ஓ, பிள்ளை மட்டும் பி குரூப்னு ரிப்போர்ட் வந்தா பாடப் புத்தகக் கணக்குப்படி நடக்காது. அப்பாவோ அம்மாவோ ஓ இல்ல, பி ஜீனை உள்ள வச்சிருக்கற பாம்பேன்னா தாராளமா நடக்கும். டைல்ல பார்த்த ரெண்டு சொட்டு ரத்தத்தை வச்சு ஒரு பொண்ணு மேல பழி போடறது அநியாயம். ரிவர்ஸ் குரூப்பிங் பண்ணச் சொல்லுங்க, அதுக்கும் மேல வேணும்னா டிஎன்ஏ இருக்கு.

6. கூடப் பொறந்தவங்க. கெட்ட ஹெச் ஜீன் அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டும் வந்தா தான் பாம்பே. ஒண்ணு மட்டும் இருக்கறவங்களுக்கு வெளிய ஒரு வித்தியாசமும் தெரியாது, வழக்கமான ஏ, பி, ஓ தான். அத்தை மகன், மாமன் மகள்னு சொந்தத்துல கட்டற குடும்பத்துல ஒரே தாத்தாகிட்ட இருந்த ஒரு கெட்ட பிரதி ரெண்டு வழியாவும் வந்து சேர வாய்ப்பு கூடுது. ஒரு வீட்டுல ஒருத்தர் பாம்பேன்னு தெரிஞ்சா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு பிரதி இருக்குன்னு வச்சுகிட்டா, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி ஒவ்வொருத்தருக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. ஊர் பூரா 10,000ல ஒருத்தரைத் தேடறதுக்கு முன்னாடி, ஓன்னு கார்டுல எழுதியிருக்கற அந்த வீட்டு ஆட்களுக்கு ஆன்டி-ஹெச் டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்.